ஆற்று நீரோட்டமும் கழிவுநீர்த் தரநிலையும்: காவிரிக் கடைமடை நகரங்களை முன்வைத்து

மயிலாடுதுறை போலக் காவிரியின் கடைமடையில் அமைந்த சிறு நகரங்களின் கழிவுநீர்ச் சிக்கல், பாதாள சாக்கடை உடைப்பு, நிதிப் பற்றாக்குறை, பராமரிப்புக் குறைவு என்ற அளவிலேயே பெரும்பாலும் பேசப்படுகிறது. இவை மெய்யே எனினும், சுத்திகரிப்பு நிலையம் குறையின்றி இயங்கினாலும் தீராத ஒரு சிக்கல், வெளியேறும் நீருக்கு விதிக்கப்பட்ட தரநிலையிலேயே பொதிந்திருக்கிறது.

அத்தரநிலையின் முதன்மை அளவு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். பிரிட்டனின் கழிவுநீர் அகற்றலுக்கான அரச ஆணையம் 1912-இல் தன் எட்டாம் அறிக்கையில் இதனை லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றும், கரையாது மிதக்கும் திடப்பொருளை 30 மில்லிகிராம் என்றும் வரையறுத்தது. இவ்வெண்கள் பல நாடுகளுக்குப் பரவின. ஒரு பங்கு கழிவுநீருக்குக் குறைந்தது எட்டுப் பங்கு ஆற்றுநீர் கலக்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றோடு பரவவில்லை. 2 மில்லிகிராம் தேவையுள்ள எட்டுப் பங்கும் 20 உள்ள ஒரு பங்கும் சேர்ந்தால் கலவை 4-இல் நிற்கும், அதற்கு மிஞ்சினால் ஆறு கெடும் என்று ஆணையம் கருதியது. எனவே 20 என்பது கழிவுநீரின் இயல்பிலிருந்து பெறப்பட்ட எண்ணன்று. ஓடும் ஆற்றை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடப்பட்டது.

ஆக்சிஜன் தேவையை அளக்க ஐந்து நாள், 20 பாகை என வழங்கிய சோதனையை இந்தியா தன் வெப்பத்துக்கேற்ப மூன்று நாள், 27 பாகை என மாற்றிக்கொண்டது. வெப்பத்தைக் கருதியவர்கள் நீரோட்டத்தைக் கருதாதது பெருங்குறை. மத்திய அரசின் 2017 அக்டோபர் அறிவிக்கை ஆக்சிஜன் தேவையைப் பெருநகரங்களுக்கு 20 என்றும் ஏனைய ஊர்களுக்கு 30 என்றும் வகுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் இதனைக் கடுமையாக்கப் பணித்தபோதும், பேசப்பட்டது எண்ணின் அளவே.

மேட்டூர் அணை மரபாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. அதன்பின் கடைமடையில் காவிரி மணலாகக் கிடக்க, சாக்கடை வந்து சேரும் இடத்தில் மட்டும் ஆகாயத்தாமரை அடர்ந்து நிற்கும். அப்பசுமைக்கு உணவு ஊரின் கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும். நீராடுவதற்குரிய நீரில் ஆக்சிஜன் தேவை 3-ஐ மிஞ்சக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. 30 உள்ள ஒரு பங்கு நீர் அந்நிலையை எட்ட, 2 உள்ள ஆற்றுநீர் இருபத்தேழு பங்கு வேண்டும். ஐப்பசித் துலா நீராடலின்போது காவிரியில் இதற்கு வாய்ப்புண்டு. பங்குனியிலோ கலப்பதற்கு ஒரு பங்குகூட இல்லை, விடப்படும் நீரே ஆறு.

தரநிலையை 10 ஆகக் குறைத்தாலும் அது 3 ஆகாது; காற்றூட்டும் எந்திரங்களுக்கான மின்கட்டணம் மட்டும் சிறு நகராட்சியின் மேல் ஏறும். இதற்கு மாற்றாக, நிலைப்படுத்தும் குட்டைகளில் நீரைப் பல நாள் தேக்கினால் வெயிலே கிருமிகளில் பெரும்பகுதியை அழிக்கும். கோடையில் அந்நீரைத் தீவனப்புல்லுக்கும் மரப்பயிருக்கும் பாய்ச்சலாம். நஞ்சை நிலம் சூழ்ந்த ஊர்களில் குட்டைக்கு இடம் தேடுவது கடினம் என்ற மறுப்பு வலுவானதே. ஆயினும் நிலத்துக்கு ஆகும் செலவு ஒருமுறையோடு முடியும், மின்சாரச் செலவு மாதந்தோறும் தொடரும்.

ஆகவே மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடைமடை நகராட்சிகளுக்கு வழங்கும் இசைவாணையில், எண்ணோடு மாதத்தையும் குறிக்க வேண்டும். ஆற்றில் நீரோட்டம் இல்லாத மாதங்களில் சுத்திகரித்த நீரையும் ஆற்றில் விட அனுமதிக்கக் கூடாது.