இடி விழவில்லை

எட்டாம் நூற்றாண்டு. ஜெர்மனியிலே கெய்ஸ்மர் என்றோர் ஊர். அங்கு ஓங்கி நின்றது ஓர் ஓக் மரம். இடித்தேவன் தோனாரின் மரம் அது. நார்வே, ஐஸ்லாந்து மக்கள் அவனையே தோர் என்றனர். கையிலே சம்மட்டி, ஆட்டுக்கடாக்கள் இழுக்கும் தேர், அவன் சினந்தால் இடி!

723ஆம் ஆண்டையொட்டிப் பாதிரியார் போனிபாஸ் அந்த மரத்தின்மீது கோடரியை ஓங்கினார். சூழ்ந்து நின்றோர் சபித்தனர். மரம் விழுந்தது, இடி விழவில்லை! வெட்டிய மரத்தைக் கொண்டே அவர் கிருத்தவக் கோயில் எழுப்பினார் என்கிறது அவரது வரலாறு.

எங்கோ நடந்த கதைதானே என்பீர். நெய்வேலிக்கு அருகே, கெடிலக் கரையில் உள்ளது திருவதிகை. ஏழாம் நூற்றாண்டில், சமணத் தலைவர் தருமசேனர் அங்கே சைவரானார், அப்பர் எனப்பட்டார். மன்னனும் மதம் மாறினான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துக் கொணர்ந்து, திருவதிகையிலே குணபரவீச்சரம் எடுத்தான். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். இதைக் கூறுவது பகைவரின் ஏடல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் பெரியபுராணம்!

திருவதிகை இறைவன் யார்? சிரித்தே முப்புரம் எரித்தவர் என்கிறது புராணம். சிரிப்பாலே கோட்டைகளை எரித்தவருக்கு, மன்னனின் கடப்பாரை எதற்கு? பள்ளி இடிந்தபோது அருகதேவர்தாம் தடுத்தாரா? அங்கும் இடி விழவில்லை!

கி.பி. 1000இல் ஐஸ்லாந்தின் அல்திங் பேரவை கூடிற்று. பழைய மதத்தவரான தோர்கெய்ர், போர்வைக்குள் ஒரு பகலும் ஓர் இரவும் படுத்துச் சிந்தித்தார். எழுந்து, அனைவரும் கிருத்தவராகுக என்று தீர்ப்பளித்தார். ஓடின், தோர், பிரேயா என அத்தனை தெய்வங்களும் அரியணை இழந்தனர். மறைவாகப் பலியிடுவோருக்குச் சிறிது காலம் விலக்கு இருந்தது.

தோழர்களே, கடவுளரை ஏற்றியதும் இறக்கியதும் எது? கோடரி, கடப்பாரை, சட்டம். மூன்றும் மனிதன் கைக்கருவிகள்! ஆனால், அவற்றால் மாறியது பீடத்தின் உரிமையாளரே, அச்சம் மாறவில்லை. மரத்தை அஞ்சியவன் சிலுவையை அஞ்சினான். பள்ளியை வணங்கியவன் கோயிலை வணங்கினான். ஆகவே, கருவியல்ல நமக்குத் தேவை, கேள்வி!

அதே திருவதிகைக்கு அருகே, 1962இல், நெய்வேலித் தொழிலாளர் தோண்டியெடுத்த பழுப்பு நிலக்கரி மின்சாரமாயிற்று. சம்மட்டித் தேவனைக் கேட்டா மின்னலைப் பெற்றோம்? சிந்திப்பீர்!