ரன் (ஆங்கில வினைச்சொல்)

ரன் என்பது ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களில் வழங்கும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். 'ஓடு' என்பதே இதன் பொருள் எனத் தொடக்க வகுப்புகளில் மாணவர்கள் கற்கின்றனர். ஆனால் மூக்கு ஒழுகுதல், கடை நடத்துதல், தேர்தலில் போட்டியிடுதல், துணியில் சாயம் போதல், கணினி நிரல் இயங்குதல் ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலத்தில் இச்சொல் பயன்படுகிறது. இத்தனை பொருள்கள் ஒரே சொல்லில் சேர்ந்ததற்கான காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது.

அகராதியில் இடம்

ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் முதற்பதிப்பு 1928-இல் நிறைவுற்றது. 20 தொகுதிகள் கொண்ட இரண்டாம் பதிப்பு 1989-இல் வெளிவந்தது. அதில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் 'செட்' ஆகும். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் 'ரன்' அதனை முந்தியது. அகராதியியலாளர் பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் இச்சொல்லை ஆராய்ந்தார். வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன. இச்செய்தி 2011-இல் பரவலாக அறியப்பட்டது.

சொற்பிறப்பு

இன்றைய 'ரன்' இரண்டு பழஞ்சொற்கள் கலந்து உருவானது.

பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்பது தானே ஓடுதலையும் நீர் பாய்தலையும் குறித்தது. இது எழுத்து இடம் மாறி 'இர்னன்' என்றும் வழங்கியது. தமிழில் 'தசை', 'சதை' என மாறி வழங்குவது போன்றதே இது. 'ஏர்னன்' என்னும் மற்றொரு சொல் ஓடச் செய்தலை, குறிப்பாகக் குதிரையைச் செலுத்துதலைக் குறித்தது.

9-ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய இசுக்காண்டிநேவியரின் மொழியிலும் 'ரின்ன', 'ரென்ன' என்ற இதே போன்ற இணை இருந்தது. இவற்றின் தாக்கமும் சேர, இடைக்கால ஆங்கிலத்தில் இரு சொற்களும் ஒன்றாயின. உறவு மொழியான செருமானியத்தில் அவை இன்றும் தனித்தனியே உள்ளன: 'ரின்னென்' என்றால் வழிந்தோடுதல், 'ரென்னென்' என்றால் விரைந்து ஓடுதல்.

தன்வினையும் பிறவினையும்

தமிழில் 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. 'பேருந்து ஓடுகிறது', 'ஓட்டுநர் பேருந்தை ஓட்டுகிறார்' என்னும் தொடர்களில் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம் நின்றுவிட்டதால், பொருள்கள் இரு கிளைகளாக விரிந்தன.

தன்வினைக் கிளையில் தடையின்றிச் செல்லுதல் என்பது அடிப்படை. ஆறு, குழாய்நீர், மூக்கு, சாயம், சாலை, நாடகம் ஆகியன இதில் அடங்கும். திரைப்படம் 100 நாள் 'ஓடியது' எனத் தமிழிலும் கூறுவது ஒப்புநோக்கத்தக்கது.

பிறவினைக் கிளையில் ஒன்றை இயங்கச் செய்தல் என்பது அடிப்படை. குதிரையைச் செலுத்துவதைக் குறித்த சொல், பின்னர் கடையையும் நிறுவனத்தையும் நடத்துவதற்கும் வந்தது. ஆலைகளும் தொடர்வண்டிகளும் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில் இவ்விரு கிளைகளும் மேலும் வளர்ந்தன. கணினி வந்தபின் நிரலுக்கும் இச்சொல்லே பயன்பட்டது.

நாட்டுக்கு நாடு வழக்கும் மாறுகிறது. தேர்தலில் போட்டியிடுவதற்கு அமெரிக்கர் 'ரன்' என்பர். பிரித்தானியர் 'நில்' என்னும் பொருளுடைய 'ஸ்டாண்ட்' என்பர்.

மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியவை

இச்சொல்லை எங்கும் 'ஓடு' என்றே பெயர்த்தால் பொருள் சிதையும். சர்க்கரை 'ரன் அவுட்' ஆனால் அது தீர்ந்துவிட்டது. கிரிக்கெட்டில் அதே தொடர் ஆட்டமிழப்பைக் குறிக்கும். நண்பரை 'ரன் இன்ட்டு' என்றால் தற்செயலாகச் சந்தித்தல். வண்டி ஒருவரை 'ரன் ஓவர்' என்றால் அவர்மீது ஏறிவிடுதல்.

எனவே மாணவர்கள் முதலில் அது தானே நிகழ்வதா, ஒருவர் நிகழச் செய்வதா எனப் பார்க்க வேண்டும். பிறகு உடன்வரும் சொற்களைக் கண்டு, அவ்விடத்தில் தமிழர் இயல்பாகச் சொல்லும் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 645 பொருள்களையும் மனப்பாடம் செய்வதைவிட இவ்வழி எளிது.