விண்குப்பைக் கண்காணிப்பு: செலவு யாருடையது?

2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில், செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 2251-உம் இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவின் இரிடியம் 33-உம் மோதிச் சிதறின. முன்கூட்டியே பாதையைத் துல்லியமாக அறிந்திருந்தால் இரிடியத்தைச் சற்றே விலக்கியிருக்கலாம்.

அத்துல்லியத்தை லேசர் தருகிறது. ஒளித்துடிப்பு பொருளில் பட்டுத் திரும்பும் நேரமே தொலைவைச் சொல்லிவிடும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வு நிலையம், பிரதிபலிப்பான் பொருத்தப்படாத குப்பைகளையும் இவ்வாறு அளந்து காட்டியது. ஆனால், மேகம் சூழ்ந்தால் லேசர் பயன்படாது. எனவே பல நாடுகளில் நிலையங்கள் வேண்டும்.

பொருளியல் கற்பித்த எனக்கு இது பொது மேய்ச்சல் நிலத்தின் சிக்கலாகவே தோன்றுகிறது. ஆதாயம் ஏவுபவருக்கு, ஆபத்தோ அனைவருக்கும். ஏவுவோரிடம் கட்டணம் பெற்று, கண்காணிப்புத் தரவுகளை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்குவதே நியாயம்.