மண்ணைக் கொட்டி மலை கட்டிய இன்ஜினியர்

போன டிசம்பர்ல புனே பக்கத்துல இருக்கிற காம்ஷேட்டுக்குப் பாராகிளைடிங் கத்துக்கப் போயிருந்தேன். பறக்கலாம்னு ஆசையா போனவனை முதல் நாள் முழுக்கத் தரையிலேயே ஓட விட்டாங்க. விங்கைக் காத்துல தூக்கு, தலைக்கு மேல நிறுத்து, கீழ இறக்கு. மறுபடியும் அதேதான். கடைசி நாள் குன்றுல ஏறி, ஹார்னஸ் மாட்டி நின்னேன். காத்து பக்கவாட்டுல திரும்பிடுச்சு. "இன்னைக்கு வேண்டாம், இறங்குங்க"ன்னுட்டார் பயிற்சியாளர். லீவும் முடிஞ்சது. செம கடுப்புல பஸ் ஏறினேன்.

அந்தக் கடுப்பு போனது ஓட்டோ லிலியென்தால் கதையைப் படிச்சப்புறம்தான்.

1848-ல ஜெர்மனியின் அன்க்லாம் ஊர்ல பிறந்தவர். மெக்கானிக்கல் இன்ஜினியர். பெர்லின்ல சொந்தமா பாய்லர் தொழிற்சாலை நடத்தினார். தம்பி குஸ்டாவோட சேர்ந்து சின்ன வயசுலேர்ந்தே நாரைகள் பறக்கிறதை கவனிச்சவர். வளைஞ்ச இறக்கையில காத்து எவ்வளவு விசை தருதுன்னு பல வருஷம் அளந்து, 1889-ல புத்தகமா போட்டார். கிளைடர்ல தொங்கிக்கிட்டு அவர் குதிச்சது அதுக்கப்புறம், 1891-ல. தெர்விட்ஸ் கிராமத்து மேட்டுல. போன தூரம் சுமார் 25 மீட்டர்.

கிளைடர் எப்பவும் எதிர்க்காத்துலதான் கிளம்பணும். ஆனா ஒரு சரிவு ஒரு திசையைத்தானே பார்க்கும்? நம்மாளு என்ன பண்ணார் தெரியுமா? 1894-ல வீட்டுக்குப் பக்கத்துல, லிஷ்டர்ஃபெல்டேல, 15 மீட்டர் உயரத்துக்குக் கூம்பு மாதிரி ஒரு குன்றையே கட்டிட்டார். காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் அதுக்கு எதிரா ஓடிக் குதிக்கலாம். நீளமா பறக்கணும்னா ரினோ மலைகளுக்குப் போவார். அங்கே 250 மீட்டர் வரைக்கும் போனார்.

சுமார் 2,000 தடவை பறந்திருக்கார். மொத்த நேரம் ஏறக்குறைய 5 மணி நேரம்தான்னு சொல்றாங்க. வகுத்துப் பாருங்க, ஒரு தடவைக்கு 9 செகண்ட்!

ஆனா அவர் டிசைன்ல ஒரு பலவீனம் இருந்துச்சு. தோளும் கையும் சட்டத்துல மாட்டியிருக்கும். பேலன்ஸ் பண்ணக் காலையும் இடுப்பையும் மட்டும்தான் ஆட்ட முடியும். 1896 ஆகஸ்ட் 9, கோலன்பெர்க் குன்று. கிளைடரோட மூக்கு மேல தூக்கி, வேகம் போய், விழுந்துட்டார். கழுத்தெலும்பு முறிஞ்சு மறுநாள் இறந்தார். வயசு 48.

அந்தச் செய்திதான் வில்பர் ரைட்டைப் பறக்கும் ஆராய்ச்சிப் பக்கம் திருப்புச்சு. உடம்பை மட்டும் நம்பினா போதாதுன்னு, ரைட் சகோதரர்கள் இறக்கையையே முறுக்கித் திருப்பும் வழியைப் பிடிச்சாங்க. 1963-ல ஆஸ்திரேலியாவின் ஜான் டிக்கென்சன், முழு உடம்பும் ஊஞ்சல் மாதிரி தொங்க, முன்னாடி ஒரு பாரைப் பிடிச்சுத் தள்ளி இழுக்கிற கிளைடரைச் செஞ்சார். இன்னைக்கு ஹேங் கிளைடர் ஓட்டுறவங்க பிடிச்சிருக்கிறதும் அந்த மாதிரி பார்தான்.

நம்ம வேலையில கிராஷ் ஆனா லாக் பார்த்து ரீஸ்டார்ட் பண்ணிடுவோம். லிலியென்தாலுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கல. எனக்கு "இறங்குங்க"ன்னு சொல்ல ஒருத்தர் இருந்தார். அவருக்கு போன் பண்ணி நன்றி சொல்லிட்டு, பிப்ரவரிக்கு மறுபடி புக் பண்ணிட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல, நீங்களும் சொல்லிடாதீங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!