சரோஜினி நாயுடுவின் மிதவாத அரசியலும் ஆளுநர் பதவியும்

சரோஜினி நாயுடு அம்மையாரைத் தமிழுலகம் 'கவிக்குயில்' என்னும் பெயராலேயே பெரிதும் அறியும். பள்ளிப் பாடநூல்கள் முதல் மேடைப் பேச்சுகள் வரை இப்பெயர் வழங்கி வருகின்றது. ஒருவர்க்கு அமையும் சிறப்புப் பெயர் அவர்தம் பணியின் ஒரு பகுதியை விளக்கமுறச் செய்து, ஏனைப் பகுதிகளை மறைத்துவிடுதலும் உண்டு. அம்மையார்க்கு நேர்ந்தது இதுவே. புதிய பாடல்களைக் கொண்டு அவர் வாழ்நாளில் வெளிவந்த பெருந்தொகுதிகள் மூன்று. அவை 1905, 1912, 1917 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அதன் பின்னர் அவர் வாழ்ந்த முப்பத்திரண்டு ஆண்டுகளும் பெரும்பாலும் அரசியலுக்கே உரியவாயின. எனினும் அவ்வரசியல் எத்தகையது என்னும் வினா நம்மிடையே போதிய அளவு ஆராயப்பெறவில்லை.

அவரை மிதவாதி என்று கூறலாமா? 1907 ஆம் ஆண்டுச் சூரத்துப் பிளவுக்குப் பின்னர் இச்சொல் தமிழில் ஓர் இழிவுக் குறிப்பும் பெற்றது. பாரதியார் 'கோக்கலே சாமியார் பாடல்' என எள்ளல் நடையில் ஒரு பாடலே இயற்றினார். அக் கோகலேயைத்தான் அம்மையார் தம் முதல் அரசியல் ஆசானாகக் கொண்டார். 1906 இல் கல்கத்தாவில் பெண்கல்வி பற்றி அவர் ஆற்றிய உரை கோகலேயின் உள்ளத்தைக் கவர்ந்தது. அது முதற்கொண்டு 1915 இல் கோகலே மறையும் வரையில் அந்நட்பு நீடித்தது. அதே காலத்தில் அம்மையாரின் உடன்பிறந்த வீரேந்திரநாத சட்டோபாத்தியாயர் ஐரோப்பாவில் தங்கி, ஆயுதப் புரட்சிக்கு ஆதரவு திரட்டி வந்தார். ஒரே குடும்பத்தில் இருவேறு நெறிகள் தோன்றின. ஆகவே அம்மையாரின் மிதவாதம் வேறு வழி அறியாமையால் வந்தது அன்று; தெரிந்து மேற்கொண்டது என்று கொள்ளுதல் பொருந்தும்.

ஐதராபாத்தில் 1879 இல் வங்கக் குடும்பத்தில் பிறந்தவரேனும், அவர் வாழ்வின் திருப்பங்கள் சில சென்னையோடு தொடர்புடையன. பன்னிரண்டாம் அகவையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். 1898 இல் சாதி கடந்து கோவிந்தராசுலு நாயுடுவை மணந்ததும் சென்னையிலேயே. அவருடைய சொற்பொழிவுகளைத் தொகுத்து வெளியிட்டவரும் சென்னையிலிருந்த ஜி. ஏ. நடேசனே. இவை அனைத்தினும் மிக்கது 1917 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் நிகழ்ந்தது. அஃது ஈண்டுச் சற்று விரிவாக நோக்கத்தக்கது.

அவ்வாண்டு இந்தியச் செயலாளர் மாண்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய இந்தியாவிற்கு வந்திருந்தார். அன்னி பெசண்டு அம்மையாரைத் தலைவராகக் கொண்டு, மார்கரெட் கசின்சு, டோரதி சீனராசதாசர் முதலியோரின் முயற்சியால், இந்திய மாதர் சங்கம் அதே ஆண்டு மே மாதத்தில் அடையாற்றில் தோன்றியிருந்தது. கசின்சு அம்மையாரின் ஏற்பாட்டால் திசம்பர் 18 ஆம் நாள் மகளிர் தூதுக்குழு ஒன்று சென்னையில் மாண்டேகுவைக் கண்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் சரோஜினி அம்மையார். அவர்கள் கோரியது யாது? பெண்களுக்கெனத் தனி உரிமை ஒன்றும் கோரவில்லை; வாக்குரிமைச் சட்டத்தில் 'மக்கள்' என்று கூறுமிடத்துப் பெண்களும் அச்சொல்லில் அடங்குவர் என்று கொள்ள வேண்டும் என்பதே கோரிக்கை. சொல்லின் பொருளெல்லையை விரிப்பதனால் உரிமையை நாட்டும் இம்முறையைத் தமிழாசிரியர்களாகிய நாம் வியவாமல் இருத்தல் இயலாது. வேண்டுகோள் எளிது, ஆனால் அதை மறுப்போர் பெண்கள் மக்கள் அல்லர் என்றன்றோ கூறவேண்டும்! மாண்டேகு தம் நாட்குறிப்பில் அம்மையாரின் அறிவுத்திறனைப் பாராட்டிவிட்டு, உள்ளத்தால் அவர் ஒரு புரட்சியாளர் என்றே தாம் கருதுவதாகவும் எழுதி வைத்தார். மிதவாதியின் மொழிக்குள் இருந்த வலிமையை எதிர்த்தரப்பினர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கோரிக்கை உடனே நிறைவேறவில்லை. 1919 இல் அம்மையார் இலண்டன் சென்று பாராளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் சான்று கூறினார். அவ்வாண்டுச் சட்டம் முடிவை மாகாணச் சட்டமன்றங்களுக்கே விட்டது. 1921 இல் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்க முதலில் முன்வந்த மாகாணம் சென்னையே. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927 இல் சென்னைச் சட்டமன்றத் துணைத் தலைவரானதற்கும் இவ்வழியே தொடக்கம் அமைந்தது.

இந்து முசுலீம் ஒற்றுமையில் அவர் கொண்ட பற்றும் கோகலேயிடம் பெற்றதே. 1913 இல் இலக்னோவில் கூடிய முசுலீம் லீகு மாநாட்டில் உரையாற்றினார். 1918 இல் சென்னைக் கணேசு நிறுவனம் வெளியிட்ட ஜின்னாவின் சொற்பொழிவுத் தொகுதிக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதி, அவரை ஒற்றுமையின் தூதர் என்று போற்றினார். பிற்கால நிகழ்ச்சிகளை அறிந்த நாம் அப்பெயரைக் கண்டு நகைத்தல் எளிது. 1916 இல் ஏற்பட்ட இலக்னோ உடன்படிக்கையின் சூழலில் அது பொருத்தமான பெயரே.

மிதவாதிக்குரிய சோதனை 1919 இல் வந்தது. ரௌலட் சட்ட எதிர்ப்பு உறுதிமொழியில் தொடக்கத்திலேயே கையொப்பமிட்டவர்களுள் அம்மையாரும் ஒருவர். மூசியாற்று வெள்ளத்தின்போது (1908) ஆற்றிய தொண்டுக்காகப் பெற்ற 'கெய்சர்-இ-இந்து' பதக்கத்தை ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் திருப்பி அனுப்பினார். 1925 இல் கான்பூர்க் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அப்பதவி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. 1930 மே மாதத்தில் காந்தியடிகளும், அவருக்குப் பின் அப்பாசு தியாப்சியும் சிறைப்பட்டபின், தாராசனை உப்புக்கிடங்கை நோக்கிய போராட்டத்தின் தலைமை அம்மையாரிடம் வந்தது. மே 21 ஆம் நாள் ஏறத்தாழ 2,500 தொண்டர்கள் அணியணியாக முன்சென்று தடியடி ஏற்றனர். அடிக்குக் கையையும் உயர்த்தலாகாது என்பது அவர்களுக்கு அம்மையார் இட்ட கட்டளை. கோகலேயின் மாணவியார் அவர்தம் எல்லையைக் கடந்துவிட்டார் என்று சிலர் கூறுவர். நோக்கிற்கும் வழிக்கும் இடையே அளவு காத்தலே மிதம் எனின், அவ்வெல்லையை அவர் கடக்கவில்லை என்பதே எம் கருத்து.

ஆனால் அவர் நிலைப்பாடு ஒன்று இன்று நம்மை இடருறச் செய்கிறது. 1931 இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது, பேகம் ஷா நவாசுடன் இணைந்து அளித்த அறிக்கையில், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டினார்; பெண்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டா என்றார். சலுகை என்பது தாழ்வை ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர் எண்ணம். 1917 இல் 'மக்கள்' என்னும் ஒரு சொல்லைப் பற்றிநின்ற அதே கொள்கையின் தொடர்ச்சி இது. எனினும் 1935 ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டையே ஏற்றது. 2023 இல் இந்தியப் பாராளுமன்றமும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. கொள்கையில் அம்மையார் முரணற்றவர்; ஆனால் கல்வியும் செல்வமும் வாய்ந்த மகளிர்க்குத் திறந்த கதவு ஏனையோர்க்கும் தானே திறக்கும் என்று அவர் நம்பியது மிகையே.

1947 ஆகசுட்டு 15 இல் அம்மையார் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநரானார். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பெண் ஆளுநர் அவரே. அப்பதவி முதலில் பிதான் சந்திர ராய்க்கு உரியதாயிருந்தது. அவர் கண் மருத்துவத்தின் பொருட்டு அமெரிக்காவில் இருந்தமையால் அம்மையார் இடைக்காலமாக ஏற்று, ராய் மறுத்தபின் நிலையாக அமர்ந்தார். பதவியின் தன்மையும் அன்று மாறியிருந்தது. 1935 ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுநர்க்கு அளித்திருந்த விருப்புரிமை அதிகாரங்கள் 1947 ஆம் ஆண்டு ஆணையால் நீக்கப்பட்டன. ஆட்சிப் பொறுப்பு கோவிந்த வல்லப பந்தின் அமைச்சரவைக்கே உரியதாயிற்று. வாழ்நாளெல்லாம் ஊர்ஊராகச் சென்று பேசியவர் இலக்னோ மாளிகையில் அமர்ந்த நிலையைத் தாமே கூண்டிலிட்ட பறவைக்கு ஒப்பிட்டார் என்பர்.

ஆயினும் அப்பதவியை வெறும் அணிகலமாகக் கருதுதல் பிழை. பிரிவினைக் கொடுமையால் அலைந்து வந்தோரும், அஞ்சி இருந்த முசுலீம் மக்களும் நிறைந்த மாகாணம் அது. உருதுப் பண்பாட்டில் ஊறிய ஐதராபாத்தில் வளர்ந்த ஒருவர் இலக்னோவில் ஆளுநராக வீற்றிருந்ததே ஓர் உறுதிமொழியாக விளங்கிற்று. சட்டம் அளிக்காத செல்வாக்கை அவருடைய பழைய வரலாறு அளித்தது. காந்தியடிகள் மறைந்தபின் 1948 பிப்பிரவரி முதல் நாள் வானொலியில் அவர் பேசினார். தம் ஆசானின் ஆன்மா ஓய்வு கொள்ளற்க என்று வேண்டினார். இரங்கலுரை மரபை முற்றிலும் மாற்றிய வேண்டுகோள் அது. அத்திங்கள் 12 ஆம் நாள் அடிகளின் சாம்பல் அவர்தம் மாகாணத்தின் பிரயாகைக் கூடலிலேயே கரைக்கப்பட்டது.

1949 மார்ச்சு 2 ஆம் நாள், பதவியில் இருந்தவாறே, இலக்னோ ஆளுநர் மாளிகையில் அம்மையார் இயற்கை எய்தினார். ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1947 சூலையில் முடிவு செய்திருந்த அரசியல் நிர்ணய சபை, அவர் மறைந்து மூன்று திங்களுக்குள், 1949 மே இறுதியில், அம்முடிவைக் கைவிட்டு நியமன முறையை ஏற்றுக்கொண்டது. அம்முறையில் 1956 இல் மேற்கு வங்கத்தின் ஆளுநராகப் பதவியேற்றுப் 1967 வரை இருந்தவர் அவருடைய மகளார் பத்மசா நாயுடு.