வலிப்பு நிற்காத பிள்ளையும் மெதுவாக வளரும் கட்டியும்

"மூளையில் கட்டி" என்றதும் பெற்றோரின் முகம் வெளிறிப்போகிறது. "மெதுவாக வளரும் கட்டிதான்" என்றதும், "அப்படியென்றால் சில வருடம் பார்ப்போமே, டொக்டர்" என்கிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது பேச்சுத்தான்.

பிள்ளைகளுக்கு நீண்டகால வலிப்பைக் கொடுக்கும் கட்டிகளில் கங்கிலியோகிளியோமா, டி.என்.ஈ.டி. இரண்டும் முக்கியமானவை. பெரும்பாலும் காதுப் பக்கமுள்ள மூளைப் பகுதியில் இருக்கும். புற்றுநோயாக மாறுவது அரிது. ஆனால் வலிப்பு பிள்ளையின் படிப்பையும் ஞாபகத்தையும் தின்றுகொண்டே இருக்கும். கைகால் இழுப்பது மட்டும் வலிப்பல்ல. திடீரென வெறித்துப் பார்ப்பது, வாயை மெல்வது, வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவதாகச் சொல்வது எல்லாம் வலிப்பாக இருக்கலாம். வகுப்பில் இதற்காக ஏச்சு வாங்கும் பிள்ளைகளும் உண்டு. அப்படி நடக்கும்போது போனில் வீடியோ எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். அது பெரிய உதவி.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், மூன்றாவது குளிசையால் நிற்கும் வாய்ப்பு குறைவு. அப்போது சத்திரசிகிச்சை பற்றிக் கேளுங்கள். சி.டி. ஸ்கேனில் சிறிய கட்டி தப்பிவிடலாம், எம்.ஆர்.ஐ. வேண்டும். கட்டியை அகற்றிய பிள்ளைகளில் 10 பேரில் 7, 8 பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. முழுமையாகவும் காலம் கடத்தாமலும் அகற்றினால் பலன் இன்னும் கூடும். பேச்சு, ஞாபகம் பாதிக்குமா என்பதை முன்கூட்டியே சோதிப்பார்கள். அதை விலாவாரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வலிப்பு நின்றதும் நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். வைத்தியர் பல மாதங்கள் பார்த்து, படிப்படியாகவே குறைப்பார்.