முதுகு வலிக்கு எத்தனை நாள் படுக்கணும்?

1862இல் எகிப்தின் லக்சரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பாப்பிரஸ் சுருளை வாங்கினார். காயங்களுக்கான வைத்தியக் குறிப்புகள். வயது சுமார் 3600 வருஷம். அதில் 48ஆவது, அதாவது கடைசிக் குறிப்பு, முதுகெலும்புச் சுளுக்கு பற்றியது. காலை நீட்டி மடக்கச் சொல்லிப் பார், வலி தெரியும். அப்புறம் ஆளை மல்லாக்கப் படுக்க வை என்கிறது. அதோடு எழுத்து வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோகிறது. எத்தனை நாள் படுக்கணும்? பதில் இல்லை.

எனக்கு இந்தக் கேள்விமேல் ஒரு கண். ஏன்னா, முதுகு பிடித்துக்கொண்ட ஒருவரிடம் எல்லாரும் முதலில் சொல்வது "ஆடாம அசையாம படு" என்பதுதான். இந்த யோசனைக்குப் பெரிய மனிதர்களின் ஆதரவும் இருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1863இல் ஓய்வையும் வலியையும் பற்றி ஒரு புத்தகமே போட்டார். லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ், காசநோய் பிடித்த மூட்டுகளை மாதக்கணக்கில் அசையாமல் கட்டிவைத்தார். மருந்தே இல்லாத காலத்தில் அது நியாயம்தான். சாதாரண முதுகு வலிக்கும் அதே சட்டையை மாட்டினதுதான் கோளாறு என்பது என் எண்ணம். 1934இல் பாஸ்டனின் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கியபின் பயம் இன்னும் கூடியது. "டிஸ்க் விலகிடுச்சு"ன்னு கேட்டாலே யாருக்குத்தான் எழுந்து நடக்கத் தோணும்?

ஆச்சரியம் என்னன்னா, படுத்தால் குணமாகுமா என்று முறையாகச் சோதித்துப் பார்க்கவே ரொம்ப காலம் ஆச்சு. 1986இல் ரிச்சர்ட் டேயோ குழு டெக்சாஸில் 203 பேரைப் பிரித்து, சிலருக்கு 2 நாள், மற்றவர்களுக்கு 7 நாள் படுக்கை ஓய்வு சொன்னது. 2 நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. மற்றபடி இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. 1995இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் இன்னொரு சோதனை: 2 நாள் படுக்கை, முதுகுப் பயிற்சி, முடிந்தவரை வழக்கமான வேலை என்று மூன்று பிரிவு. வழக்கமான வேலை ஜெயித்தது. படுத்தவர்கள்தான் மெதுவாகத் தேறினார்கள்.

(தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் போக முடியாமை, கால் பலமிழப்பது எல்லாம் வேறு கதை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.)

அதுக்காக நாலு நாளில் பறந்துபோகும் வலியும் இல்லை இது. சிட்னியில் புதிதாக முதுகு வலி வந்த 973 பேரை ஒரு வருஷம் கவனித்து 2008இல் எழுதினார்கள். முழுக்கக் குணமானவர்கள் 72 சதவீதம். மிச்சப் பேருக்கு வருஷம் முடிந்தும் ஏதோ ஒரு தொந்தரவு. வலியால் வேலையைக் குறைத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் 14 நாளில் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் பாதிப் பேருக்கு வலி போக 58 நாள் ஆச்சு. அப்படின்னா பலரும் வலியோடுதான் வேலைக்குக் கிளம்பியிருக்கிறார்கள்.